காலி செய்துபோன வீட்டின் வைஃபையும் போனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வாடகை வீடுகள் அதிகம். பள்ளி முடிந்து அடுத்த வகுப்பு தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் நிறையப் பேர் வீடு மாறுவார்கள். ஆள் போய்விடுவார், அவர் பெயரில் எடுத்த இணைய இணைப்போ லேண்ட்லைனோ மாதக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒட்டி ஒரே மாதிரியான சந்தேகங்கள் மாடிப்படியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. சட்டம் வரும் இடத்தில் பிரிவு எண்ணைக் கொடுத்திருக்கிறேன். விவகாரம் பெரிதானால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. சார், வீட்டைக் காலி பண்ணினா நெட் தானா கட் ஆயிடாதா? ஏன் இன்னும் வருது?

ஆகாது. இணையம் தரும் மோடம் பெட்டி வீட்டுச் சுவரில் இருந்தாலும் கணக்கு ஆளின் பெயரில் இருக்கிறது. அவர் நிறுவனத்திடம் நிறுத்தச் சொல்லி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, அதற்கான கோரிக்கை எண்ணை வாங்கினால்தான் கணக்கு மூடும். வீட்டு உரிமையாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன விஷயம் இணைய நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டியவராக இருந்தால் அந்தக் கெடு முடியும்வரை ஓடும். மாதா மாதம் பில் வரும் கணக்காக இருந்தால், பணம் வருகிறவரை ஓடும். வராவிட்டால் சில வாரங்களில் நிறுத்திவைப்பார்கள்.

2. அவங்க போயே மூணு மாசம் ஆச்சு. பணம் யார் கட்டுறா?

பெரும்பாலும் அவரேதான், தெரியாமலே. வங்கிக் கணக்கிலோ அட்டையிலோ யுபிஐயிலோ 'ஆட்டோ பே' போட்டிருப்பார். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப்பட்ட தொடர் கட்டணங்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும். வீடு மாறுகிற அலைச்சலில் இருப்பவர் அதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறார்?

மாதம் 500 ரூபாய்த் திட்டம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 590 ரூபாய். மூன்று மாதத்தில் 1,770. உங்கள் வீட்டில் சிக்னல் வருகிறது என்றால் யாரோ ஒருவருக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் மனதில் வையுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதை வைத்துத்தான்.

3. பெட்டியில பச்சை லைட் எரியுது. அப்படின்னா லைன் உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?

எந்த விளக்கு என்பதைப் பொறுத்தது. ஃபைபர் இணைப்பின் வெள்ளைப் பெட்டியில் நான்கைந்து விளக்குகள் இருக்கும். 'பான்' (PON) என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால், கண்ணாடி இழை வழியாக நிறுவனத்தின் கருவியோடு பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் பொருள். அது விட்டுவிட்டு மின்னினால் பெட்டி இன்னும் பதிவாகவில்லை. 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம்.

பணம் கட்டாமல் கணக்கை நிறுத்தியிருந்தாலும் 'பான்' பச்சையாகவே இருக்கலாம். அப்போது 'இன்டர்நெட்' விளக்கு அணைந்திருக்கும் அல்லது சிவப்பாக இருக்கும். வைஃபை பெயர் உங்கள் போனில் தெரிவதும் இப்படித்தான்: பெட்டிக்கு மின்சாரம் இருந்தாலே பெயர் தெரியும், உள்ளே இணையம் இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் போனவருக்குத் தகவல் சொல்லும்போது எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அவருக்கு உடனே புரிந்துவிடும். படத்தில் பெட்டியின் அடிப்பக்கம் விழ வேண்டாம். அங்கே ஒட்டியிருக்கும் சீட்டில் வைஃபையின் ஆரம்பப் பாஸ்வேர்டு அச்சாகியிருக்கும்.

4. அவரே பாஸ்வேர்டு கொடுத்துட்டுத்தான் போனார். அப்புறம் என்ன?

எதற்காக, எப்போது கொடுத்தார் என்று யோசித்துப் பாருங்கள். போன வருடம் உங்கள் வீட்டில் கரண்ட் போனபோது பிள்ளையின் ஆன்லைன் தேர்வுக்காகக் கொடுத்தது, அவர் திருச்சிக்கு மாறிய பிறகும் செல்லும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஜூலை வரைக்கும் பணம் கட்டியிருக்கேன், அதுவரைக்கும் நீங்க வச்சுக்குங்க" என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அது வேறு. அதையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: யார் பயன்படுத்தலாம், எந்தத் தேதி வரை, பில் யாருடையது.

அவர் சம்மதித்தாலும் நிறுவனத்தின் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டு இணைப்பை அந்த முகவரிக்கு வெளியே பகிரக் கூடாது, விற்கக் கூடாது என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்து மாதம் 150 ரூபாய் வாங்குவதெல்லாம் அக்கம்பக்கத்து உதவியில் சேராது. அனுமதியில்லாத சேவை நடத்துவதாகவே அதைப் பார்ப்பார்கள்.

5. அன்லிமிடெட் பிளான் சார். நான் யூஸ் பண்ணலேன்னா வீணாத்தானே போகுது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், நல்லவர்களும் கேட்கிறார்கள். வீணாவது அவருடைய பணம். அதை நிறுத்தும் வழி, அவரிடம் சொல்வதுதான். நீங்கள் பயன்படுத்துவதால் அவருக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. நடைமுறையில் நடப்பது என்னவென்றால், பயன்படுத்தத் தொடங்கியவர் சொல்வதைத் தள்ளிப்போடுகிறார். சொன்னால் நின்றுவிடுமே என்று ஒரு தயக்கம். அங்கேதான் எனக்கு வருத்தம்.

அன்லிமிடெட் என்பதும் முழுக்க உண்மையல்ல. பல திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி போல ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் குறையும். நாலு வீட்டு டிவி இரவும் பகலும் ஓடினால் எட்டிவிடக்கூடிய அளவுதான்.

6. நான் சீரியல் பார்க்கிறேன், பையன் கேம் ஆடுறான். இதுல என்ன வந்துடப்போகுது?

சீரியலால் ஒன்றும் வராது. ஆனால் அந்த இணைப்பில் நடக்கிற எல்லாமே ஒருவர் பெயரில் பதிவாகிறது. இணையத்தில் போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐபி முகவரி என்ற ஓர் அடையாள எண் உண்டு. எந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளருக்கு எந்த முகவரி தரப்பட்டது என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தி, இப்படிப்பட்ட பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. ஏதாவது புகார் வந்தால் அந்தப் பதிவில் முதலில் கிடைப்பது சந்தாதாரரின் பெயர். எந்த வீட்டுப் போன் அது, யார் கையில் இருந்தது என்பதெல்லாம் பிறகு வரும் விசாரணை.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. ஐபி முகவரியைத் தேடிப் போனால் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை யாரோ வெளியிலிருந்து பயன்படுத்தியிருந்தார்கள். அவர் வீட்டுக் கணினிகளை எடுத்துப் போனார்கள், அவரிடம் பலமுறை விசாரணை நடந்தது. அதன் பிறகுதான் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்குத் தனியாக உத்தரவு போட்டது. நம் குடியிருப்பில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. ஆளில்லாத வீட்டில் யாருக்கும் பொறுப்பில்லாமல் ஓடும் வைஃபையின் பாஸ்வேர்டு பத்துப் பேர் கையில் இருந்தால், பதினோராவது ஆள் யார் என்று நமக்குத் தெரியாது. அவன் செய்வதற்குப் பதில் சொல்லப்போவது, இப்போது திருச்சியில் புது வேலையில் சேர்ந்திருக்கும் நம் பழைய பக்கத்து வீட்டுக்காரர்.

7. சட்டப்படி இது குத்தமா? நேரா சொல்லுங்க.

அனுமதியில்லாமல் என்றால், ஆம், சட்டத்தில் இடம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43: உரிமையாளரின் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினி வலையமைப்பில் நுழைந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு அல்லது மோசடியாகச் செய்தால் பிரிவு 66: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்குப் பிரிவு 66சி தனியாக இருக்கிறது.

தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42, 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொலைத்தொடர்பு வலையமைப்பில் அனுமதியின்றி நுழைவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இவ்வளவு பெரிய தொகை பெரிய மோசடிக்காரர்களை நினைத்து எழுதப்பட்டது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் சட்டத்தின் வாசகம் 'அனுமதி' என்ற இடத்தில்தான் நிற்கிறது. ஒரு போன் செய்து கேட்டால் தீர்ந்துபோகும் விஷயத்தை அதுவரை கொண்டுபோக வேண்டாம்.

8. நான் ஒண்ணும் பண்ணலை, என் போன் தானாவே அந்த வைஃபைல போய்ச் சேர்ந்துக்குது.

முன்பு ஒருமுறை சேர்ந்த வைஃபையை போன் நினைவில் வைத்திருக்கும். வைஃபை அமைப்புக்குள் போய், அந்தப் பெயரை அழுத்திப் பிடித்து, 'மறந்துவிடு' என்று கொடுத்துவிடுங்கள். வீட்டில் டிவி, பிள்ளைகளின் டேப்லெட், பழைய லேப்டாப் எல்லாவற்றிலும் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் டிவியைத்தான்.

இதில் உங்கள் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஆள் இல்லாத வீட்டின் பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. யார் கையில் அதன் கட்டுப்பாடு இருக்கிறது என்று தெரியாத வலையமைப்பில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

9. பூட்டின வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. லேண்ட்லைன்ல டயல் டோன் வருது. ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டுமா?

சாவியை எதற்குக் கொடுத்தார்களோ அதற்குப் பயன்படுத்துங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற, வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துகாட்ட. இந்தக் காலத்தில் லேண்ட்லைன் அழைப்புக்குப் பெரும்பாலும் தனிக் காசு இல்லை என்றாலும் பில்லும் அழைப்புப் பதிவும் அவர் பெயரில்தான். வெளிநாட்டு எண் என்றால் காசும் உண்டு. எப்படியும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்றைக்கு எல்லார் கையிலும் மொபைல் இருக்கிறது, இதற்கு அவசியமே வராது.

டயல் டோன் வருகிறது, ஆனால் மொபைல் எண் போட்டால் ஏதோ அறிவிப்பு வருகிறது, அதனால் லைன் செத்துவிட்டது என்று ஒரு மாமி சொன்னார். லைன் செத்துவிடவில்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்க முன்னால் 0 போட வேண்டும். அந்த அறிவிப்பு அதைத்தான் சொல்கிறது.

10. அந்த போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுத்துப் பேசலாமா?

சாவி உங்களிடம் இருந்து, அவர் சொல்லியிருந்தால் எடுக்கலாம். "அவங்க காலி பண்ணிட்டாங்க, நான் பக்கத்து வீடு. உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க, அவங்ககிட்ட சொல்றேன்." அவ்வளவு போதும். புது முகவரியோ மொபைல் எண்ணோ கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. கடன் வசூல் ஆட்கள் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு கேட்பதுண்டு.

அழைப்பில் ஒரு குரல் ஆறு இலக்க எண்ணை வாசித்தால் அது ஓடிபி. குறுஞ்செய்தி போகாத எண்ணுக்குச் சில செயலிகள் இப்படிக் குரல் அழைப்பாகச் சொல்லும். அதை யாரிடமும் சொல்லக் கூடாது. 'பேங்கிலிருந்து பேசுறோம், இப்ப ஒரு நம்பர் சொன்னாங்களே' என்று அடுத்த அழைப்பு வந்தால் போனை வைத்துவிட்டு, போனவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

11. சமையலறை டிராயர்ல ஒரு சிம் கிடந்தது. போட்டுப் பார்த்தேன், வேலை செய்யுது. வச்சுக்கலாமா?

உடனே எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். வைஃபையைவிட இது பல மடங்கு பெரிய விஷயம். அந்த எண்ணோடு அவருடைய ஆதார், வங்கி, பான் அட்டை, வருமான வரிக் கணக்கு எல்லாம் சேர்ந்திருக்கலாம். சிம்மைப் போட்ட அரை நாளில் என்னென்ன வரும் தெரியுமா? ரேஷன் கடையில் வாங்கிய பொருளுக்கான செய்தி, கேஸ் சிலிண்டர் கொடுக்க வரும்போது சொல்ல வேண்டிய எண், மின்வாரியத்தின் பில், வங்கி ஓடிபி. ஒரு குடும்பத்தின் மொத்த நடமாட்டமும் உங்கள் உள்ளங்கையில் வந்து விழும். பார்க்க நமக்கு உரிமை இல்லை.

அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேண்டும் என்றால் கூரியரில் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அவர் அந்த எண்ணை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு, பிறகு நிறுவனத்தில் மூடட்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் தானாகப் போய்விடுமே என்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 90 நாள் பயன்பாடே இல்லாமல் போனால்தான் நிறுவனம் ப்ரீபெய்டு எண்ணை மூட முடியும். நீங்கள் போட்டுப் பயன்படுத்தினால் அந்த 90 நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். மூடிய எண்ணை அடுத்த 90 நாளுக்கு யாருக்கும் கொடுப்பதில்லை. அதற்கப்புறம் அது வேறு யாருக்கோ போகும், ஓடிபிகளும் அவருக்குப் போகும். அதனால்தான் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு மூடச் சொல்கிறேன்.

12. மோடம் என் வீட்டுச் சுவத்துல, என் கரண்ட்ல ஓடுது. நான் ஹவுஸ் ஓனர். என்னுடையதுதானே?

சுவர் உங்களுடையது. பெட்டி பெரும்பாலும் நிறுவனத்துடையது, சில சமயம் வாடகைக்கு இருந்தவர் காசு கொடுத்து வாங்கியது. எப்படியும் உங்களுடையது இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் அவர் நிறுவனத்தில் கட்டிய முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். எத்தனையோ சண்டைகள் இந்த ஒரு வெள்ளைப் பெட்டிக்காக வந்திருக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது: சுவிட்சை அணைத்து, பெட்டியையும் அதன் அடாப்டரையும் பத்திரமாக எடுத்து வைத்து, அவரிடம் சொல்வது. ஃபைபர் வயரை இழுத்துப் பிடுங்காதீர்கள், கூர்மையாக மடிக்காதீர்கள். உள்ளே இருப்பது முடி அளவு கண்ணாடி. இனிமேல் வாடகை ஒப்பந்தத்தில் 'காலி செய்யும் முன் இணைய இணைப்பை மூடியதற்கான அத்தாட்சி காட்ட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் சங்கத்தில் காலி செய்யும் படிவத்தில் இதைச் சேர்த்த பிறகு இந்தத் தொந்தரவு பெரிய அளவில் குறைந்துவிட்டது.

13. நான் அந்த வீட்டுக்குப் புதுசா வந்திருக்கேன். மீதி மாசத்துக்கு அவருக்குப் பணம் கொடுத்துட்டு அவர் பேர்லயே ஓட்டலாமா? இரண்டு பேருக்கும் சம்மதம்.

இது கொஞ்சம் சிக்கல். இரண்டு பேருக்கும் லாபம், யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் 6-ஆம் பதிலில் சொன்னது அப்படியே இருக்கிறது: உங்கள் வீட்டில் நடப்பது எல்லாம் அவர் பெயரில் பதிவாகும். நாலு வாரம் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு சமாளித்துவிடலாம் என்பவர்கள் உண்டு. எட்டு மாதம் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

முறையான வழி, பெயர் மாற்றம். பல நிறுவனங்களில் இதற்கு வசதி உண்டு: பழையவர் சம்மதக் கடிதம், புதியவர் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்). அது இல்லாத இடத்தில் அவர் இணைப்பைப் புது வீட்டு முகவரிக்கு மாற்றிக்கொள்ளட்டும், நீங்கள் புதிதாக எடுங்கள். கேபிள் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருப்பதால் அதே நிறுவனத்தில் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஒன்று மட்டும் கூடவே கூடாது: நிறுவனத்துக்கு போன் போட்டு 'நான்தான் அவர்' என்று பேசுவது. அது 7-இல் சொன்னதையெல்லாம் தாண்டி ஆள்மாறாட்டம் ஆகிவிடும்.

14. ஆள் எங்கே போனார்னே தெரியலை. போன் எடுக்க மாட்டேங்கிறார். நானே நிறுவனத்துக்குச் சொல்லி கட் பண்ணிடட்டுமா?

கட் செய்யச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை, அவர்களும் கேட்க மாட்டார்கள். தகவல் சொல்லலாம்: 'இந்த முகவரியில் இருந்தவர் காலி செய்துவிட்டார், பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.' வீட்டு உரிமையாளர் சொன்னால் இன்னும் நல்லது. அவரிடம் வாடகை ஒப்பந்தம் இருக்கும். அதுவரை உரிமையாளர் பெட்டியின் சுவிட்சை அணைத்து வைக்கட்டும். கணக்கு மூடாது, ஆனால் யாரும் பயன்படுத்த முடியாது.

இதற்கிடையில் போலீஸ் வந்து கேட்டால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். நீங்கள் பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பெட்டியில் எந்தெந்தக் கருவி சேர்ந்திருந்தது என்ற பட்டியல் இருக்கலாம். மறைக்கப்போய் மாட்டிக்கொள்வதைவிட அது நல்லது.

15. மிக்ஜாம் வெள்ளத்தப்போ எங்க எந்த போன்லயும் சிக்னல் இல்லை. அவர் வைஃபை மட்டும் வந்தது. கேட்காமப் பயன்படுத்தினேன். தப்பா?

இல்லை. 2023 டிசம்பரில் தண்ணீர் சூழ்ந்து நின்றபோது படகு வேண்டும் என்று சொல்லவும், ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லவும் வேறு வழியில்லாதவர்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். தண்ணீர் வடிந்த பிறகு அவரிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னலாவது இருந்தால் 112-க்கு அழைப்பு போகும். போனில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று தெரிகிற நேரம் அதுதான்.

16. பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிட்டார். பாட்டி தனியா இருக்காங்க. போனும் நெட்டும் தாத்தா பேர்ல. பாட்டி பயன்படுத்தலாமா? நாங்க என்ன உதவி பண்றது?

பாட்டியிடமிருந்து அந்த போனை யாரும் பிடுங்கப்போவதில்லை. முதல் வாரத்திலேயே ஓடிப்போய் மூடவும் வேண்டாம். வங்கி, பென்ஷன், இன்சூரன்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் தகவல் சொல்லும்போது அந்த எண்ணுக்குச் செய்தி வரும். இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் எண்ணைப் பாட்டி பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் ஆவணம், பாட்டியின் கேஒய்சி, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை என்று கேட்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். அந்தக் கடைக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் வருவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. டோக்கன் வாங்கி உட்காருவது அந்த வயதில் சுலபமில்லை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தாத்தாவின் எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தரச் சொல்லி, பாட்டியே கேட்டாலும் செய்யாதீர்கள். இறந்தவரின் கணக்கில் உள்ள பணம் நாமினி வழியாகவோ வாரிசு வழியாகவோதான் வர வேண்டும். நாளைக்கு வெளியூர் மகன் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

17. அந்த வீட்ல இப்ப யாருமே இல்லை. பிள்ளைங்க அமெரிக்காவில. யாரும் இல்லாத வீட்ல வைஃபை எதுக்குன்னு நான் சுவிட்சை அணைக்கலாமா?

கேட்காமல் அணைக்காதீர்கள். வாசலில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர் போன பிறகும் பிள்ளைகள் அந்த இணைப்புக்குப் பணம் கட்டுவது பல சமயம் அந்தக் கேமராவுக்காகத்தான். நடுராத்திரி அங்கே எழுந்து, அம்மாவின் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வைஃபையை நாலு பேர் பிடித்து இழுத்தால் படம் நின்று நின்று வரும், அவர்கள் பதறிப்போய் நமக்குத்தான் போன் செய்வார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, 4-இல் சொன்ன மாதிரிப் பழைய பாஸ்வேர்டு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை நீக்கிவிட வேண்டும். பிள்ளைகளிடம் புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் செயலி வழியாக எங்கிருந்தும் மாற்ற முடிகிற பெட்டிகள் இப்போது நிறைய.

18. போனவனே நான்தான். இப்ப யாரோ என் லைனை யூஸ் பண்றாங்கன்னு நினைக்கிறேன். என்ன பண்ணட்டும்?

இன்றைக்கே செயலியைத் திறந்து டேட்டா பயன்பாட்டைப் பாருங்கள். காலி வீட்டில் ஜிபி ஜிபியாக ஓடினால் ஆள் இருக்கிறார். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு கணக்கை மூட விண்ணப்பியுங்கள், கோரிக்கை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், அதன் பிறகு வங்கியில் ஆட்டோ பேயை ரத்து செய்யுங்கள். ஆட்டோ பேயை மட்டும் நிறுத்திவிட்டுக் கணக்கை மூடாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். முன்பணம் கட்டியிருந்தால் மறக்காமல் கேளுங்கள்.

கூடவே மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்துக்குப் போய் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம். தெரியாத எண் இருந்தால் 'என்னுடையது இல்லை' என்றும், மறந்துபோன பழைய எண் இருந்தால் 'தேவையில்லை' என்றும் அங்கேயே சொல்லலாம். மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகம் என்றால் முதலில் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். 8-இல் சொன்ன மாதிரி டிவி தானாகச் சேர்ந்திருக்கலாம்.

19. சொல்லாம மூணு மாசம் யூஸ் பண்ணிட்டேன். இப்ப சொல்றதுக்குச் சங்கடமா இருக்கு. பணம் கொடுக்கணுமா?

சொல்லிவிடுங்கள். "அண்ணா, உங்க வைஃபை இன்னும் ஓடுது. நாங்களும் கொஞ்ச நாள் பயன்படுத்திட்டோம், முன்னாடியே சொல்லியிருக்கணும். இன்னைக்கு எல்லா போன்லயும் எடுத்துட்டோம். ஆட்டோ பே போய்க்கிட்டு இருக்கான்னு பாருங்க. எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க, அனுப்பிடுறேன்." இவ்வளவுதான் செய்தி. இதைவிட நீளமாக எழுத வேண்டாம்.

பணத்தைக் கேட்காமலே கொடுக்க முன்வாருங்கள். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்டால் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள். பெட்டியைத் திரும்ப வாங்கிப்போக நிறுவனத்தின் ஆள் வரும்போது அவர் திருச்சியிலிருந்து வர முடியாது. அந்த ஒரு நாள் நீங்கள் வீட்டில் இருந்து எடுத்துக்கொடுத்து, ரசீதை வாங்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.